ஏசி/டிசி: எந்த இடத்தில் யார், எப்போது?

வாசகர் கேள்வி – பதில்

ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி ராக் குழுவைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலானவை ஒரே சந்தேகத்திலிருந்து பிறந்தவை: ஐம்பது ஆண்டுகளில் இத்தனை பேர் வந்து போன பிறகும் இது அதே குழுதானா? அதே குழுதான் என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணத்தை, மேடையின் பின்வரிசையில் நின்று ரிதம் கிடார் வாசித்த மனிதரிடம் தேட வேண்டும். கீழே வரும் பதில்களில் அவர் பெயர் அடிக்கடி வரும்.

பாடகர் மாறினார், டிரம்மர் மாறினார் என்று ஒவ்வொரு கட்டுரையும் ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. படித்து முடித்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. நினைவில் வைக்கச் சுலபமான வழி உண்டா? (வாசகர், மதுரை)

ஆண்டு வாரியாகப் படித்தால் குழம்பத்தான் செய்யும். இடம் வாரியாகப் படியுங்கள். குழுவில் ஐந்து இடங்கள்: லீட் கிடார் (தனி வாசிப்பு), ரிதம் கிடார் (கார்ட்களால் தாளத்தைத் தாங்குவது), பாடகர், பேஸ் கிடார் (அடிச் சுரங்கள்), டிரம்ஸ்.

லீட் கிடாரில் குழப்பமே இல்லை. 1973 நவம்பரில் சிட்னியில் குழு தொடங்கியதிலிருந்து இன்றுவரை ஆங்கஸ் யங் ஒருவர்தான். ரிதம் கிடார் அவருடைய அண்ணன் மால்கம் யங்கின் இடம். 1988இல் குடிப்பழக்கத்திலிருந்து மீள்வதற்காக மால்கம் சில மாதம் ஒதுங்கியபோது, மூத்த அண்ணனின் மகன் ஸ்டீவி யங் வந்து வாசித்தார். 2014இல் மால்கம் நிரந்தரமாக விலகியபோதும் வந்தவர் அதே ஸ்டீவிதான். ஆக, ரிதம் கிடாரை யங் குடும்பத்துக்கு வெளியே யாரிடமும் கொடுத்ததே இல்லை. இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

பாடகர்கள் மூவர்: டேவ் எவன்ஸ் 1974 வரை, பான் ஸ்காட் 1974 முதல் 1980 பிப்ரவரி வரை, பிரையன் ஜான்சன் 1980 முதல். இடையில் 2016இல் சில மாதம் ஆக்ஸல் ரோஸ் பாடினார். பேஸ் கிடாரில் தொடக்கக் காலத்தில் பலர் வந்து போனார்கள். நிலைத்தவர்கள், 1975 முதல் 1977 வரை மார்க் எவன்ஸ், அதன்பின் 2016 வரை கிளிஃப் வில்லியம்ஸ். கிளிஃப் ஓய்வுக்குப் பிறகும் 2020இல் வந்த ஆல்பத்துக்கும் 2023இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்கும் திரும்பி வந்தார். 2024 சுற்றுப்பயணம் முதல் கிறிஸ் சேனி வாசிக்கிறார்.

உண்மையில் தலைசுற்ற வைப்பது டிரம்ஸ் மட்டும்தான். அதற்குத் தனிக் கேள்வியே வந்திருக்கிறது, கீழே பாருங்கள்.

முதல் ஓராண்டில் மட்டும் ஏன் அத்தனை மாற்றங்கள்? (வாசகி, கோவை)

சிட்னியின் செக்கர்ஸ் என்ற இரவு விடுதியில் 1973 டிசம்பர் 31 அன்று குழு மேடையேறியது. மால்கம், ஆங்கஸ், பாடகர் டேவ் எவன்ஸ், பேஸில் லேரி வான் கிரீட், டிரம்ஸில் காலின் பர்ஜஸ். இவர்களில் பர்ஜஸ் ஏற்கெனவே பெயர் பெற்றவர், மாஸ்டர்ஸ் அப்ரென்டிசஸ் குழுவில் வாசித்தவர். ஆனாலும் 1974 தொடக்கத்திலேயே அவரும் லேரியும் வெளியேறிவிட்டார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு மாதங்களுக்கு பேஸும் டிரம்ஸும் வாடகை வீடு போலத்தான் இருந்தன.

காரணம் எளிது. மால்கம் மனதில் ஒரு தாளம் தெளிவாக இருந்தது: அலங்காரம் இல்லாமல், வேகம் கூடாமல், நேராக ஓடும் தாளம். அதை வாசிக்கும் ஆட்கள் கிடைக்கும்வரை அவர் மாற்றிக்கொண்டே இருந்தார். 1974 ஜூலையில் வந்த முதல் சிங்கிளில் (தனிப்பாடல் தட்டில்) பேஸ் வாசித்தவர் குழுவிலேயே இல்லாதவர்: இன்னொரு அண்ணன் ஜார்ஜ் யங். அறுபதுகளில் ஈஸிபீட்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ், தன் நண்பர் ஹாரி வாண்டாவுடன் சேர்ந்து தயாரிப்பாளராகியிருந்தார். தம்பிகளின் முதல் பாடசாலை அவர்தான்.

டேவ் எவன்ஸ் விலகியதும், 1974 இறுதியில் பான் ஸ்காட் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்து, மெல்போர்னிலும் ஃப்ரீமேன்டிலிலும் வளர்ந்தவர். வாலன்டைன்ஸ், ஃப்ரட்டர்னிடி என்று இரண்டு குழுக்களில் பாடிப் பழுத்தவர். மால்கமுக்கு அப்போது 21 வயது, பானுக்கு 28. அனுபவம் உள்ள ஒருவர் எழுதும் வரிகள் குழுவுக்குக் கிடைத்தன. 1975 ஜனவரியில் மெல்போர்னைச் சேர்ந்த ஃபில் ரட் டிரம்ஸுக்கும், மார்ச் மாதம் மார்க் எவன்ஸ் பேஸுக்கும் வந்தார்கள். மால்கம் தேடிய தாளம் அன்றுதான் கிடைத்தது என்று சொல்வோம்.

ஹை வோல்டேஜ் ஆல்பம் என்னிடம் இருக்கிறது, 9 பாடல்கள். ஆஸ்திரேலியப் பதிப்பில் 8 பாடல்கள்தான், அவற்றில் ஆறு என்னிடம் இல்லை. எது அசல்? (வாசகர், யாழ்ப்பாணம்)

இரண்டும் அசல்தான், ஆனால் இரண்டு வெவ்வேறு ஆல்பங்கள். பெயர் மட்டும் ஒன்று. இந்தக் குழுவின் இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர்கள் முதலில் தடுமாறும் இடமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஆஸ்திரேலிய ஹை வோல்டேஜ் 1975 பிப்ரவரியில் வந்தது, 8 பாடல்கள். பதிவு நடந்தது 1974 நவம்பரில், அதாவது ஃபில் ரட், மார்க் எவன்ஸ் இருவரும் வருவதற்கு முன்பே. அதனால் பெரும்பாலான பாடல்களில் டிரம்ஸ் வாசித்தவர் டோனி கரன்ட்டி என்ற ஸ்டுடியோ கலைஞர். இரண்டாவது ஆல்பம் டி.என்.டி. 1975 டிசம்பரில், அதுவும் ஆஸ்திரேலியாவில் மட்டும் வந்தது, 9 பாடல்கள்.

பிறகு அட்லான்டிக் நிறுவனம் குழுவை உலகச் சந்தைக்கு எடுத்துக்கொண்டது. 1976இல் அது வெளியிட்ட ஹை வோல்டேஜ் உண்மையில் ஒரு தொகுப்பு: டி.என்.டி.யிலிருந்து 7 பாடல்கள், பழைய ஹை வோல்டேஜிலிருந்து 2. உங்களிடம் இருப்பது இதுதான். இதில் இன்னொரு விசித்திரம், ‘ஹை வோல்டேஜ்’ என்ற பாடலே ஆஸ்திரேலிய ஹை வோல்டேஜில் கிடையாது. ஆல்பம் என்று பார்த்தால் அது டி.என்.டி.யில்தான் முதலில் வந்தது.

அட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மின் நிலையமும் முள்வேலியும், அதன் மேல் சிறுநீர் கழிக்கும் நாயும் வரைந்திருந்தால் அது ஆஸ்திரேலியப் பதிப்பு. ஆங்கஸும் மின்னலும் இருந்தால் உலகப் பதிப்பு. அட்டை தொலைந்துபோன தட்டு என்றால் முதல் பாட்டைப் பாருங்கள். ‘பேபி, ப்ளீஸ் டோன்ட் கோ’ என்ற பழைய ப்ளூஸ் பாடலுடன் தொடங்கினால் ஆஸ்திரேலியா. பேக்பைப் வரும் ‘இட்ஸ் எ லாங் வே டு த டாப்’ பாடலுடன் தொடங்கினால் உலகப் பதிப்பு (அல்லது டி.என்.டி., அதுவும் இதே பாட்டில்தான் தொடங்கும். கடைசிப் பாட்டு சக் பெர்ரியின் ‘ஸ்கூல் டேஸ்’ என்றால் டி.என்.டி.).

உங்களிடம் இல்லாத ஆறில் நான்கு, 1984இல் வந்த ’74 ஜெயில்பிரேக் என்ற சிறு இசைத்தட்டில் இருக்கின்றன. தலைப்பில் 74 என்று போட்டிருப்பதை நம்பி எல்லாம் அந்த ஆண்டு வந்தவை என்று நினைக்க வேண்டாம். தலைப்புப் பாடல் 1976இல் வந்தது, மற்ற நான்கும் 1975 ஆல்பத்தைச் சேர்ந்தவை. மீதி இரண்டு, ‘ஸ்டிக் அரவுண்ட்’, ‘லவ் சாங்’. இவை 2009இல் வந்த பேக்டிராக்ஸ் பெட்டியில் கிடைக்கும்.

இதே சிக்கல் டர்ட்டி டீட்ஸ் டன் டர்ட் சீப் ஆல்பத்துக்கும் உண்டு. ஆஸ்திரேலியப் பதிப்பில் இருந்த ‘ஜெயில்பிரேக்’, ‘ஆர்.ஐ.பி.’ இரண்டையும் எடுத்துவிட்டு, உலகப் பதிப்பில் ‘ராக்கர்’, ‘லவ் அட் ஃபர்ஸ்ட் ஃபீல்’ இரண்டையும் சேர்த்தார்கள். அட்லான்டிக்கின் அமெரிக்கக் கிளைக்கு இந்த ஆல்பம் பிடிக்காததால் அங்கே 1981 வரை வெளியிடவே இல்லை. பான் இறந்து, பிரையன் பாடிய ஆல்பம் உலகமெங்கும் விற்ற பிறகு, பான் பாடிய ஐந்தாண்டுப் பழைய ஆல்பம் அமெரிக்காவில் புதிதாக இறங்கி 3ஆம் இடம்வரை ஏறியது. பல அமெரிக்கர்கள் பானின் குரலைக் கேட்ட வரிசை தலைகீழானது இதனால்தான். பட்டியலில் 1981 என்று இருப்பதைப் பார்த்து, அது பிரையன் பாடியது என்று வாங்கி ஏமாறாதீர்கள்.

குழுவின் பெயருக்கும் பள்ளிச் சீருடைக்கும் காரணம்? (வாசகர், திருநெல்வேலி)

இரண்டுமே அக்கா மார்கரெட்டின் யோசனை. பெயர் அவருடைய தையல் இயந்திரத்தில் எழுதியிருந்தது. சீருடை, பள்ளிவிட்டு வந்தும் அதைக் கழற்றாமல் ஆங்கஸ் கிடாரோடு உட்கார்ந்துவிடுவதைப் பார்த்துச் சொன்னது.

யங் சகோதரர்கள் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள், பாடகரும் பேஸ் வாசிப்பவரும் இங்கிலாந்துக்காரர்கள். அப்படியென்றால் இதை ஆஸ்திரேலியக் குழு என்பது சரியா? (வாசகர், சிட்னி)

பிறந்த ஊரை வைத்துக் கணக்கிட்டால் நீங்கள் சொல்வது சரி. 1980 முதல் 1983 வரை இருந்த ஐவரில் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர் ஃபில் ரட் ஒருவர்தான்.

ஆனால் அந்தக் கணக்கில் அறுபதுகளின் ஆஸ்திரேலியாவே விட்டுப்போகிறது. யங் குடும்பம் கிளாஸ்கோவிலிருந்து 1963இல் குடியேற்ற உதவித் திட்டத்தின் கீழ் வந்த பல்லாயிரம் குடும்பங்களில் ஒன்று. சிட்னியில் வில்லாவுட் குடியேற்ற முகாமில் தங்கினார்கள். ஜார்ஜ் யங், நெதர்லாந்திலிருந்து வந்த ஹாரி வாண்டாவைச் சந்தித்தது அங்கேதான். ஈஸிபீட்ஸ் குழு அந்த முகாமில் உருவானது, அதன் ஐந்து பேருமே குடியேறிகள். அந்த வெற்றியை வீட்டிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் மால்கமும் ஆங்கஸும்.

குழுவின் ஒலியும் ஆஸ்திரேலிய மதுக்கூடங்களில் முற்றியது. அங்கே கூட்டம் குடித்துக்கொண்டே கேட்கும், பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேராகச் சொல்லும். பாட்டுகளுக்கு இடையே நேரம் விட முடியாது, மெதுவான பாட்டுக்குப் பொறுமை இருக்காது. மெல்போர்ன் நகரம் 2004இல் ஒரு சந்துக்கு இக்குழுவின் பெயரைச் சூட்டியது. 1976இல் திறந்த லாரியில் நின்று வாசித்தபடி ஸ்வான்ஸ்டன் தெருவில் போய் அவர்கள் எடுத்த காட்சிப்படம், அந்த நகரத்தின் நினைவில் இன்றும் இருக்கிறது. ஆகவே தயங்காமல் ஆஸ்திரேலியக் குழு என்றே எழுதலாம்.

1979இல் ஒலி திடீரென்று மெருகேறிவிடுகிறதே, ஆள் மாறவில்லையே? (வாசகர், சேலம்)

மேடையில் மாறவில்லை, ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர்கள் மாறினார்கள். அதுவரை ஸ்டுடியோ ஆல்பங்கள் அனைத்தையும் வாண்டாவும் ஜார்ஜ் யங்கும் தயாரித்தார்கள். அமெரிக்க வானொலியில் ஒலிக்கும்படி ஒரு ஆல்பம் வேண்டும் என்று நிறுவனம் நெருக்கியது. முதலில் எடி கிரேமரை வைத்து மயாமியில் முயன்றார்கள், ஒத்துவரவில்லை. பிறகு வந்தவர் ராபர்ட் ஜான் ‘மட்’ லாங்கே. ஹைவே டு ஹெல் அவருடைய வேலை.

அவர் ரிஃப்களில் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்குகளில்) கை வைக்கவில்லை. பின்குரல்களை ஒழுங்குபடுத்திப் பல்லவியை ஒரு கூட்டமே சேர்ந்து பாடுவது போல அகலப்படுத்தினார், பானுக்கு மூச்சு விடும் இடங்களைக் கற்றுக்கொடுத்தார், டிரம்ஸுக்கும் கிடாருக்கும் இடையே இடைவெளி தெளிவாகக் கேட்கும்படி செய்தார். அமெரிக்காவில் ஆல்பம் 17ஆம் இடத்தைத் தொட்டது. இதற்கு முந்தைய ஸ்டுடியோ ஆல்பமான பவரேஜையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே புரியும். பவரேஜின் கரடுமுரடான அழகை விரும்புகிறவர்களும் நிறையப் பேர் உண்டு, எங்களுக்கும் அந்த ஆல்பத்தின் மேல் தனிப் பிரியம்தான்.

பேக் இன் பிளாக் ஆல்பத்தின் வரிகளைப் பான் ஸ்காட் எழுதி வைத்திருந்தார் என்று ஒரு பேச்சு உண்டே? (வாசகி, சென்னை)

தேதிகளை முதலில் பாருங்கள். பான் ஸ்காட் லண்டனில் 1980 பிப்ரவரி 19 அன்று இறந்தார், வயது 33. அளவுக்கு மீறிய மது காரணம் என்று மரண விசாரணையில் பதிவானது. ஏப்ரல் தொடக்கத்தில் பிரையன் ஜான்சன் பெயர் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் பஹாமாஸின் நாசோ நகரில் உள்ள காம்பஸ் பாயின்ட் ஸ்டுடியோவில் பதிவு தொடங்கியது. ஜூலை 25 அன்று ஆல்பம் வெளிவந்தது. பாடகரை இழந்து ஐந்தே மாதத்தில் புதிய பாடகரோடு ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது. சந்தேகம் கிளம்பியதற்கு இந்த வேகமே முக்கியக் காரணம்.

இசைப் பகுதி பான் இருக்கும்போதே தொடங்கிவிட்டது உண்மை. லண்டனில் மால்கமும் ஆங்கஸும் புதிய ரிஃப்களைப் பழகியபோது, பான் வந்து அவர்களுக்காக டிரம்ஸ் வாசித்திருக்கிறார். பான் இளமையில் டிரம்மராகத் தொடங்கியவர்தான். ஆனால் ஆல்பத்தின் எல்லாப் பாடல்களும் யங், யங், ஜான்சன் என்ற மூவர் பெயரில்தான் பதிவாகியுள்ளன. குழு இன்றுவரை அதையே சொல்கிறது. கையெழுத்துப் பிரதி என்று எதுவும் பொதுவெளிக்கு வராதவரை பதிவை நம்புவதே முறை.

பிரையன் எப்படி வந்தார் என்பது இந்தப் பேச்சைவிடச் சுவையானது. இங்கிலாந்தின் வடகிழக்கில் ஜார்டி என்ற குழுவில் அவர் பாடியதை எழுபதுகளிலேயே பான் பார்த்திருக்கிறார், யங் சகோதரர்களிடம் புகழ்ந்தும் பேசியிருக்கிறார். 1980இல் பிரையன் கார் கூரைகளுக்கு வினைல் ஒட்டும் தொழில் செய்துகொண்டிருந்தார். தேர்வில் பான் பாடிய ‘ஹோல் லாட்டா ரோஸி’யும் டீனா டர்னர் புகழ்பெறச் செய்த ‘நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்’ பாடலும் பாடினார். பானைப் போலப் பாட முயலவில்லை, அவருடைய குரல் இன்னும் ஒரு படி மேலே, தொண்டையின் விளிம்பிலிருந்து வருவது. பான் பாடிய பேக்பைப் பாடலைப் பிரையன் பாடுவதில்லை. அது பானுடையது என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

கறுப்பு அட்டையும் தொடக்கத்தில் வரும் மணியும் பானுக்கான அஞ்சலி. மணியைப் பதிவுசெய்ய லஃப்பரோ நகரின் போர் நினைவுக் கோபுரத்தில் முயன்றார்கள். ஒவ்வொரு அடிக்கும் பறவைகள் சிறகடித்துப் பறந்து பதிவைக் கெடுத்தன. அதே ஊரில் ஜான் டெய்லர் வார்ப்பாலையில் குழுவுக்காக 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 900 கிலோ எடையில் மணி தயாராகிக்கொண்டிருந்தது. வேலையை முடுக்கி, ஆலைக்குள்ளேயே அதை ஒலிக்கச் செய்து பதிவுசெய்தார்கள்.

கிடார் பழகுகிறேன். குறிப்புகளைச் சரியாகத்தான் வாசிக்கிறேன், ஆனால் அந்த ஒலி வரவில்லை. கார்ட்கள் எளிதாக இருந்தும் எங்கே தவறு? (வாசகர், ஈரோடு)

அநேகமாக மூன்று இடங்களில். முதலாவது, டிஸ்டார்ஷன், அதாவது ஒலியின் கரகரப்பு. இந்தக் குழு என்றாலே அதைக் கூட்டும் கெயின் குமிழை முழுக்கத் திருகிவிடுகிறார்கள். உண்மையில் மால்கமின் ஒலி கிட்டத்தட்டச் சுத்தமானது. ஆம்ப் (ஒலிபெருக்கி) உரக்க இருக்கும், கெயின் குறைவாக இருக்கும், மீதிக் கடுமை வலது கையிலிருந்து வரும். உங்கள் ஆம்பில் கெயினை 10க்கு 3 அல்லது 4இல் வையுங்கள். திறந்த ஏ கார்டை (சில கம்பிகளை விரலால் அழுத்தாமல் விடும் வடிவம்) ஒருமுறை இழுத்து அடியுங்கள். ஐந்து கம்பிகளும் தனித்தனியாகக் கேட்டால் அளவு சரி, ஒரே இரைச்சலாகக் கலந்தால் இன்னும் குறையுங்கள். மெலிதாகத் தோன்றினால் கெயினைத் தொடாமல் மிட் ஒலியைக் கூட்டுங்கள்.

இரண்டாவது, கார்டின் வடிவம். இரண்டு கம்பி பவர் கார்டில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இவர்கள் முடிந்த இடமெல்லாம் திறந்த கார்ட்களைத்தான் பிடிப்பார்கள். ‘பேக் இன் பிளாக்’ ரிஃபுக்கு இ, டி, ஏ மூன்றும் திறந்த கார்ட்கள்: இ ஒரு அடி, டி மூன்று, ஏ மூன்று. ‘ஹைவே டு ஹெல்’ பாட்டில் ஏ கார்டுக்குப் பின் வரும் டி கார்டின் அடியில் ஆறாம் கம்பியின் 2ஆம் ஃபிரெட்டைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், அங்கிருந்து ஜி. அந்த அடிச் சுரம் விட்டுப்போனால் பாட்டு படியிறங்குவது போன்ற உணர்வே வராது.

மூன்றாவது, மௌனம். இதுதான் பெரிய தவறு. ரிஃபின் அடிகளுக்கு நடுவே ஒலி முழுக்க நிற்க வேண்டும். இடது கை விரல்களைத் தளர்த்திக் கம்பியில் ஒட்டியபடி வைத்து, அதே நொடியில் வலது உள்ளங்கையின் ஓரத்தால் பிரிட்ஜ் பக்கம் அமுக்குங்கள். ஒரு கையால் மட்டும் அடக்கினால் திறந்த கம்பி ஏதாவதொன்று முனகிக்கொண்டே இருக்கும். மெட்ரோனோமை 70இல் வைத்துத் தொடங்கி, இடைவெளி சுத்தமான பிறகே பாட்டின் வேகமான 94 பக்கம் போங்கள். இடைவெளியில் கை பதறி அடுத்த அடி முன்னதாக விழுவதுதான் எல்லோருக்கும் நடப்பது. அதற்குக் காலால் தாளம் போட்டுக்கொண்டே வாசிப்பது உதவும்.

மால்கமின் கருவியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஹாரி வாண்டாவிடமிருந்து அண்ணன் வழியாக வந்த 1963ஆம் ஆண்டு கிரெட்ச் கிடார் அது. சிவப்புப் பூச்சைச் சுரண்டி, மற்ற பிக்கப்புகளைக் கழற்றிவிட்டு, பிரிட்ஜ் அருகே ஒன்றை மட்டும் வைத்திருந்தார். கம்பிகள் 12 முதல் 56 வரையான தடிமன் செட், மூன்றாம் கம்பியும் சுற்றுக்கம்பி. ஆங்கஸ் கிப்சன் எஸ்ஜி கிடாரில் 9 முதல் 42 வரையான மெல்லிய செட் போடுவார், அதனால் சுரத்தை வளைக்க எளிது. எழுபதுகளின் இறுதியில் அவர் பயன்படுத்திய ஷாஃபர்-வேகா என்ற கம்பியில்லாக் கருவி ஒலியைச் சற்று இறுக்கி உந்தித் தந்தது. அது பிடித்துப்போய் ஸ்டுடியோவுக்குள்ளும் கொண்டுபோனார்.

தடித்த கம்பியில் உடனே இறங்க வேண்டாம், விரல் நொந்துவிடும். 10 முதல் 46 போதும். இருவரையும் பிரித்துக் கேட்க ஒரு வழி: பெரும்பாலான ஆல்பங்களில் மால்கம் இடது காதில், ஆங்கஸ் வலது காதில். இயர்ஃபோனில் வலப்பக்கத்தைக் கழற்றிவிட்டு மால்கமை மட்டும் ஒரு வாரம் கேளுங்கள். ஆங்கஸ் தனி வாசிப்புக்குப் போகும்போதும் பாட்டு ஏன் காலியாவதில்லை என்பது அப்போது விளங்கும்.

டிரம்ஸ் யார் வாசித்தது என்று காதாலேயே கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், திருச்சி)

முடியும், ஆனால் ஆல்பக் கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஃபில் ரட் மூன்று முறை வந்திருக்கிறார். முதல் சுற்று டி.என்.டி. தொடங்கி 1983இன் ஃபிளிக் ஆஃப் த ஸ்விட்ச் வரை. அந்தப் பதிவு முடிந்ததும் அவர் போய்விட்டார். அதனால் அந்த ஆல்பத்தின் வீடியோக்களில் உட்கார்ந்திருப்பவர் அடுத்து வந்த சைமன் ரைட், கேட்பதோ ரட்டின் வாசிப்பு. சைமன் ஃப்ளை ஆன் த வால், ப்ளோ அப் யுவர் வீடியோ ஆகியவற்றில் வாசித்துவிட்டு 1989இல் டியோ குழுவுக்குப் போனார். 1990இன் த ரேஸர்ஸ் எட்ஜ் கிறிஸ் ஸ்லேடுடையது, அவர் வாசித்த ஒரே ஸ்டுடியோ ஆல்பம். 1994இல் ரட் திரும்பினார், பால்பிரேக்கர் முதல் ராக் ஆர் பஸ்ட் வரை அவர்தான்.

2014 நவம்பரில் ரட் நியூசிலாந்தில் கைதானார். மறு ஆண்டு கொலை மிரட்டல், போதைப்பொருள் வைத்திருந்தது ஆகிய குற்றங்களை ஒப்புக்கொண்டு எட்டு மாத வீட்டுக்காவல் தண்டனை பெற்றார். அதனால் 2015–16 சுற்றுப்பயணத்துக்கு ஸ்லேட் மீண்டும் அழைக்கப்பட்டார். 2020இன் பவர் அப் ஆல்பத்தில் ரட் மூன்றாம் முறை. 2023 முதல் மேடையில் மேட் லாக்.

இனி காதுக்கு வருவோம். ரட் வாசித்தால் ஹை-ஹேட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தாளத்தட்டு) ஒரே அளவில் ஓடும், ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) அடி ஒரு மயிரிழை தாமதமாக விழும், பாட்டின் நடுவே உருட்டல்கள் அநேகமாக இருக்காது. அந்தத் தாமதம்தான் உடலை ஆடவைப்பது. சைமன் ரைட் நேராக, பலமாக அடிப்பவர். எண்பதுகளின் எதிரொலியில் ஸ்நேர் பெரிதாகக் கேட்கும். ஸ்லேட் துடிப்பின் முன்விளிம்பில் அடிப்பவர், பாட்டு முன்னோக்கித் தள்ளப்படும். ‘தண்டர்ஸ்ட்ரக்’ போன்ற பாட்டுக்கு அது பொருந்தியது. பழைய பாட்டுகளுக்கு ரட்டின் தளர்வே வேண்டும் என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

2016இல் பாடகர் போனார், பேஸ் வாசித்தவர் ஓய்வு என்றார். மால்கம் ஏற்கெனவே இல்லை. அதோடு முடிந்திருக்க வேண்டாமா? (வாசகி, கொழும்பு)

அன்று பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2014 செப்டம்பரில் மால்கமுக்கு மறதிநோய் என்று அறிவித்தார்கள். 2016 மார்ச் மாதம், தொடர்ந்து பாடினால் கேட்கும் திறன் முழுக்கப் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் பிரையன் நிறுத்தினார். மீதி நிகழ்ச்சிகளை ஆக்ஸல் ரோஸ் பாடினார். மே 7 அன்று லிஸ்பனில் முதல் நிகழ்ச்சி, காலில் முறிவு இருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். நன்றாகவே பாடினார் என்பதைச் சொல்ல வேண்டும், பல ஆண்டுகளாக மேடையேறாத பான் காலத்துப் பாட்டுகளையும் கொண்டுவந்தார். செப்டம்பர் 20 அன்று ஃபிலடெல்ஃபியாவில் கிளிஃப் விடைபெற்றார். 2017 அக்டோபரில் ஜார்ஜும், அடுத்த மாதமே 64 வயதில் மால்கமும் காலமானார்கள்.

பிறகு வந்த பவர் அப் ஆல்பத்தில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பாடல்கள் அனைத்திலும் மால்கமின் பெயர் உண்டு, பல ஆண்டுகளாக அண்ணனும் தம்பியும் சேர்த்து வைத்திருந்த ரிஃப்களிலிருந்து ஆங்கஸ் கட்டியெழுப்பியவை அவை. பிரையன் காதுக்குள் வைக்கும் புதுவகைக் கருவியின் உதவியோடு திரும்பினார். ரட்டும் கிளிஃபும் வந்தார்கள். இசையமைப்பாளர் அதே ஆள், ரிதம் கிடாரில் அதே குடும்பம் என்னும்போது, அதை வெறும் பெயர்ப்பலகை என்று ஒதுக்க எங்களால் முடியவில்லை. மால்கம் விட்டுச்சென்ற ரிஃப்கள் இல்லாமல் ஒரு ஆல்பம் வருமானால், அப்போது இதே கேள்வியை இன்னும் கடுமையாகக் கேட்கலாம்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறேன். எந்த வரிசையில் கேட்டால் ஆள் மாற்றம் புரியும்? (வாசகர், புதுச்சேரி)

ஆல்பம் ஆல்பமாகப் போகாமல் ஒரே பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘ஹோல் லாட்டா ரோஸி’ மூன்று நேரடிப் பதிவுகளில் இருக்கிறது. முதலில் 1978இன் இஃப் யூ வான்ட் பிளட்: பான், ரட், கிளாஸ்கோவின் அப்பலோ அரங்கம், கூட்டம் ஆங்கஸின் பெயரைக் கத்துவது ரிஃபின் இடைவெளிகளில் விழும். அடுத்து 1991 ஆகஸ்டில் எடுத்த டானிங்டன் நிகழ்ச்சி: பிரையன், ஸ்லேட். மூன்றாவது 2009 டிசம்பரில் பியூனஸ் அயர்ஸின் ரிவர் பிளேட் மைதானம்: பிரையன், மீண்டும் ரட். மூன்றிலும் பேஸ் கிளிஃப், ரிதம் மால்கம். மாறாத அந்த இரண்டையும் முதலில் காதில் நிறுத்திக்கொண்டு, பிறகு பாடகரையும் டிரம்ஸையும் ஒப்பிடுங்கள். ஸ்டுடியோ ஆல்பங்களில் பவரேஜ், ஹைவே டு ஹெல், பேக் இன் பிளாக் மூன்றையும் இதே வரிசையில் கேட்டு முடித்துவிட்டு டி.என்.டி.க்குத் திரும்பலாம்.